வாயில்லா ஜீவன்களின் வழக்கறிஞர்

ருக்மிணி தேவி அருண்டேலைப் பரதக் கலைக்குப் புத்துயிரூட்டிய மாதரசியாக நம்மில் பலர் அறிவோம். வாயில்லா ஜீவன்களுக்காக அவர் பாராளுமன்றத்தில் வாதாடிய வரலாற்றைச் சிலரே அறிவர்.

1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையில் பிறந்த அவர், 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவினார். 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே மிருகவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அரசே சட்டம் இயற்றும் எனப் பிரதமர் நேரு உறுதியளிக்கவே, அதைத் திரும்பப் பெற்றார், ஆயினும் ஓய்ந்திருக்கவில்லை. 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் சென்னையில் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1986-இல் மறையும்வரை இத்தொண்டை அவர் கைவிடவில்லை.

அச்சட்டம் மனிதருக்குக் கடமைகளை விதித்ததே தவிர, பிராணிகளுக்கு உரிமை எதையும் எழுதித் தரவில்லை. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் அவற்றின் வாழ்வுரிமையைப் போற்றியது. 2023-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வோ, அடிப்படை உரிமை வழங்குவதைச் சட்டமியற்றுவோர் பொறுப்பில் விட்டது. வதைப்போருக்கு முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான்!

நம் ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே மாடுகள் அலைகின்றன. கறவை நின்ற பசுவைப் பட்டினி கிடக்கத் தெருவில் விடுவதும் அச்சட்டப்படி குற்றமே. பட்டினியும் சித்திரவதையுமின்றி வாழும் உரிமையையேனும் சட்டத்தில் எழுதலாகாதா? அந்த உரிமை ஏட்டில் ஏறும்வரை, அம்மையார் பெற்றுத் தந்த கடமையையாவது நாம் மறவாதிருப்போம்!