சூத்திர நூலும் சிலேட்டுப் பலகையும்
(கணித மேதை சீனிவாச இராமானுஜன் வரலாறு)

பத்தாம் வகுப்பு மாணவி

மரத்தடி வகுப்பு

அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரங்கள் இருந்தன. மாலை மணி அடித்ததும் நாங்கள் ஐவர் பள்ளி வேப்பமரத்தடியில் கூடி அமர்வது வழக்கம். இயக்க விதிகள் பாடத்துக் கணக்குகள் எங்களுக்குப் பெரும் அச்சமாக இருந்தன. விசை, முடுக்கம், உந்தம், திசைவேகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம். அவற்றை நினைவில் நிறுத்த ஆளுக்கொரு வழி சொன்னோம். ஒருத்தி விடியற்காலையில் எழுந்து உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். இன்னொருத்தி கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் சூத்திரங்களை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். மற்றொருத்தி பழைய வினாத்தாள்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

எங்களுள் ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. முந்தைய தேர்வில் அவள் பெற்ற மதிப்பெண் நூற்றுக்குப் பத்தொன்பது. கணக்கை இனி தொடப் போவதில்லை என்றும், மற்றப் பாடங்களில் தேறினால் போதும் என்றும் அவள் முடிவு செய்திருந்தாள். மறுநாள் மாலை அவள் மரத்தடிக்கே வரவில்லை.

எங்கள் கணித ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைச் சொன்னோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நூலகத்திலிருந்து ஒரு நூலை எடுத்துக் கையில் கொடுத்து, ஐவரும் சேர்ந்து படியுங்கள் என்று அனுப்பிவிட்டார். அது கணித மேதை இராமானுஜனின் வரலாறு. தோழியை வீட்டிற்கே சென்று அழைத்து வந்து, அந்த நூலைப் படித்தோம். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

தேர்வுக்காக எழுதப்பட்ட நூல்

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள், தம் தாயைப் பெற்றவர்களின் ஊரான ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு சிறிய வீட்டில். தந்தை துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதி வந்தார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். வருமானம் போதாமையால் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்க வைத்து உணவளித்தார்கள்.

அந்த மாணவர்களே இராமானுஜனுக்கு முதல் துணையானார்கள். பள்ளிச் சிறுவனான அவர் அவர்களிடம் கணக்குக் கேட்டுக் கேட்டு, சில மாதங்களில் அவர்களுக்குத் தெரிந்தவற்றையெல்லாம் கற்றுவிட்டார். லோனி என்பவர் எழுதிய கோணவியல் நூல் ஒன்று அவருக்கு இரவலாகக் கிடைத்தது. அதையும் பதின்மூன்று வயதுக்குள் முடித்துவிட்டார்.

1903 ஆம் ஆண்டில், ஏறக்குறைய எங்கள் வயதில், நண்பர் ஒருவர் வழியாகக் கல்லூரி நூலகத்து நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதை எழுதியவர் கார் என்னும் ஆங்கிலேயர். இலண்டனில் மாணவர்களைத் தேர்வுகளுக்குத் தயார் செய்துவந்த தனிப்பயிற்சி ஆசிரியர் அவர். ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளை வரிசையாக எண்ணிட்டு அதில் தொகுத்திருந்தார். பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. இருந்தாலும் ஓரிரு வரிதான். இன்று கடைகளில் விற்கும் தேர்வுக் கையேடுகளுக்கு அதைப் பாட்டி முறை என்று சொல்லலாம்.

அந்நூலைப் பயன்படுத்திய மற்ற மாணவர்கள் முடிவுகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருப்பார்கள். இராமானுஜன் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு முடிவையும் பார்த்து, இது எப்படி வந்தது என்று தமக்குத் தாமே கேட்டார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டுப் பார்த்தார். துணியால் துடைத்தால் நேரமாகும் என்று முழங்கையாலேயே துடைத்தார். அதனால் முழங்கை கறுத்துப் போயிற்று. விடை கிடைத்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஐயாயிரம் முடிவுகளில் தொடங்கிய அந்தப் பயணம், நூலில் இல்லாத புதிய முடிவுகளுக்கு அவரை இட்டுச் சென்றது.

இந்தப் பகுதியைப் படித்ததும் எங்கள் தோழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சூத்திரங்கள் எல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை என்று அவள் அதுவரை எண்ணியிருந்தாளாம்.

தோல்வியும் வறுமையும்

1904 இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித் தொகையுடன் சேர்ந்தார் இராமானுஜன். கணக்கு என்னும் ஒரே நினைவில் மூழ்கி, ஆங்கிலத்தையும் மற்றப் பாடங்களையும் கைவிட்டார். ஆங்கிலத்தில் தவறியதால் உதவித் தொகை போயிற்று. மனம் உடைந்து 1905 இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906 இலும் 1907 இலும் எஃப்.ஏ. தேர்வு எழுதி, இரண்டு முறையும் தோற்றார். கணக்கில் அவருக்கு நிகர் யாருமில்லை. உடலியல் பாடத்திலோ எழுத ஒன்றுமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேதைகள் தேர்வில் தோற்பது பெருமை என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்தத் தோல்வி இராமானுஜனுக்குப் பெருமை தரவில்லை, வறுமையைத் தந்தது. பட்டம் இல்லாதவருக்கு வேலை இல்லை. மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். தேர்வுக்கு வேண்டியதோடு நிறுத்திக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. மாணவர்களால் பின்தொடர இயலவில்லை. எங்கள் தோழி மற்றப் பாடங்களுக்காகக் கணக்கைக் கைவிட நினைத்தாள். அவரோ கணக்குக்காக மற்றப் பாடங்களைக் கைவிட்டார். வழிகள் இரண்டானாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் என்று கண்டோம்.

1909 இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஜானகிக்கு வயது பத்து. குடும்பத்தைக் காக்க வேலை தேடியே தீர வேண்டிய நிலை வந்தது.

திருக்கோவிலூர்ப் பயணம்

அடுத்து வந்த செய்தி கீழ்பென்னாத்தூரில் வாழும் எங்களை வியக்க வைத்தது. 1910 ஆம் ஆண்டு இராமானுஜன் தம் குறிப்பேட்டைச் சுமந்துகொண்டு திருக்கோவிலூருக்கு வந்தார். திருவண்ணாமலைக்குப் போய்ப் பேருந்து மாறினால் நாம் சென்று சேரும் அதே திருக்கோவிலூர்தான். உறவினர் திருமணங்களுக்கு எத்தனையோ முறை அந்த ஊருக்குப் போயிருக்கிறோம், பெண்ணையாற்றங்கரையில் நின்றிருக்கிறோம். கணித வரலாற்றில் அந்த ஊருக்கு இடம் உண்டு என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

அப்போது அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. தம் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை தரும்படி இராமானுஜன் கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டிய ஐயர் திகைத்துப் போனார். இத்தகைய அறிவைத் தாலுகா அலுவலகக் காகிதக் கட்டுகளுக்கிடையே புதைப்பது பாவம் என்று கருதி வேலை தர மறுத்தார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை; சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அதன் பின்னரே கதவுகள் திறந்தன. நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். 1911 இல் இந்தியக் கணிதக் கழக இதழில் இராமானுஜனின் முதற் கட்டுரை வெளிவந்தது.

இரண்டு சிலேட்டுகள்

1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியான நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். மாலை நேரங்களில் இருவரும் திருவல்லிக்கேணியில் அமர்ந்து, ஆளுக்கொரு சிலேட்டுடன் இரவு வெகுநேரம் கணக்குப் போடுவார்கள். இராமானுஜன் பத்துப் படிகளை இரண்டு படிகளில் தாவிவிடுவார். தாம் புரிந்துகொள்ளாததை உலகம் எப்படிப் புரிந்துகொள்ளும் என்று எடுத்துரைத்து, இடைப்பட்ட படிகளையும் எழுத வேண்டும் என்று நாராயண ஐயர் வற்புறுத்துவார். எங்கள் மரத்தடி வகுப்புக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி ஏது?

கடல் கடந்து

1913 ஜனவரி 16 ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இருவருக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. ஹார்டி அதைத் தள்ளிவிடவில்லை. நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, எழுதியவர் மாமேதை என்று கண்டார். தனிப்பயிற்சி பெற்று இயக்கவியல் கணக்குகளை விரைந்து போடப் பழகுவதே அக்காலக் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்கு வழியாக இருந்தது. அந்த முறையை வெறுத்து, அதை மாற்றப் போராடியவர் ஹார்டி. தேர்வில் தோற்றவரைத் தேர்வு முறையை எதிர்த்தவர் கண்டுகொண்டது எவ்வளவு பொருத்தம்!

1914 மார்ச் 17 இல் இராமானுஜன் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் அவர் கற்றுக்கொண்ட பெரிய பாடம் நிறுவல். முடிவுகளை மட்டும் அடுக்கும் வழக்கம் காருடைய நூலிலிருந்து அவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் அனுப்பிய முடிவுகளில் பெரும்பாலானவை சரியாக இருந்தும், பகா எண்களைப் பற்றிய சில தவறாகவே இருந்தன. நிறுவிப் பார்த்திருந்தால் அந்தத் தவறு முன்பே தெரிந்திருக்கும்.

அவரும் ஹார்டியும் சேர்ந்து செய்த ஒரு பணியைப் புளியங்கொட்டைகளைக் கொண்டு நாமே விளங்கிக்கொள்ளலாம். நான்கு கொட்டைகளை எத்தனை வகையாகக் குவிக்கலாம்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக. ஆக 5 வகை. நூறு கொட்டைகளுக்கோ 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 வகை! ஒவ்வொன்றாக எண்ணாமல் இத்தகைய எண்ணிக்கையைக் கணிக்க வழி கண்டார்கள். 1729 என்ற எண்ணை இரண்டு கனங்களின் கூடுதலாக இரு வகையில் எழுதலாம் என்று அவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே கூறியதும் யாவரும் அறிந்ததே.

1918 இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் என்ற சிறப்பையும் பெற்றார். ஆயினும் குளிரும், போர்க்காலத்தில் தக்க மரக்கறி உணவு கிடைக்காமையும், நோயும் அவரை வாட்டின. 1919 இல் தாயகம் திரும்பினார். நோய்ப் படுக்கையிலும் சிலேட்டை விடவில்லை. 1920 ஏப்ரல் 26 ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

இறுதி நாட்களில் அவருக்குப் பணிவிடை செய்தவர் ஜானகியம்மாள். கணவர் மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. பம்பாயில் தையல் கற்று, திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்து, 1994 வரை தன்மானத்தோடு வாழ்ந்தார். இராமானுஜனின் கடைசி நாளைய தாள்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976 இல் கண்டெடுக்கப்பட்டன. அவருடைய பிறந்த நாள் 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நாங்கள் கற்றது

நூலை மூடியபின் எங்கள் படிப்பு முறையை மாற்றினோம். சுவரில் ஒட்டிய சூத்திரத் தாள் அப்படியே இருந்தது. ஆனால் ஒவ்வொரு சூத்திரத்தையும் எப்படி வந்தது என்று கேட்கத் தொடங்கினோம். இயக்கச் சமன்பாடுகளுள் மூன்றாவதை நாங்கள் அடிக்கடி மறப்போம். முதல் இரண்டிலிருந்தும் காலத்தை நீக்கினால் மூன்றாவது தானே வந்து நிற்கிறது என்று கண்டோம். நம் ஊர் நிறுத்தத்திலிருந்து புறப்படும் பேருந்து நொடிக்கு நொடி 2 மீட்டர் வேகம் கூடினால், 5 நொடியில் அதன் வேகம் நொடிக்கு 10 மீட்டர். கடந்த தொலைவு 25 மீட்டர். பத்தின் வர்க்கம் நூறு. முடுக்கத்தையும் தொலைவையும் பெருக்கி இரட்டித்தாலும் நூறு. பொருந்துகிறது! இதைச் சிலேட்டில் போட்டுக் காட்டியவள் எங்கள் பத்தொன்பது மதிப்பெண் தோழிதான்.

இரண்டாவதாக, ஒரு படியையும் விடாமல் எழுதினோம். மூன்றாவதாக, எந்தப் பாடத்தையும் கைவிடுவதில்லை என்று முடிவு செய்தோம். நான்காவதாக, தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லாமல் வீடு திரும்புவதில்லை.

அரையாண்டுத் தேர்வில் எங்கள் தோழி நாற்பத்தேழு மதிப்பெண் பெற்றாள். பெரிய வெற்றி என்று உலகம் சொல்லாது. ஆனால் விடைத்தாளில் தந்தையிடம் கையொப்பம் வாங்க அவள் இம்முறை அஞ்சவில்லை. இராமானுஜனுக்குத் திருக்கோவிலூரில் ஒருவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். துறைமுகத்தில் ஒருவர் தம் சிலேட்டோடு அருகில் அமர்ந்தார். மேதைக்கே துணை வேண்டியிருந்தது என்றால் நமக்கு வேண்டாமா? அன்புத் தங்கையரே, அடுத்த ஆண்டு அந்த வேப்பமரத்தடி உங்களுடையது. யாரும் விடுபடாமல் அமருங்கள்.