பள்ளிச் செலவு அரசுடையது என்ற ராணி கௌரி பார்வதி பாய்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வருகிற நம்மவர்களுக்குத் திருவனந்தபுரம் தொடங்குவது கரமனை ஆற்றில்தான். அந்த ஆற்றின் மேல் பழைய பாலம் கட்டி முடிந்தது 1853-ல். உத்திரம் திருநாள் மகாராஜா ஆட்சியில் ஹார்ஸ்லி என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர் கட்டியது. அதே ஆண்டில்தான் மகாராஜாவை எடுத்து வளர்த்த சிற்றன்னை ராணி கௌரி பார்வதி பாய் காலமானார். பாலத்தைக் கட்டியவர் பெயர் பலருக்குத் தெரியும். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அரசாங்கப் பெட்டியைத் திறந்த அம்மையாரைத் தெரிந்தவர்கள் குறைவு.

பார்வதி பாய் பிறந்தது 1802-ல். மூத்த சகோதரி ராணி கௌரி லட்சுமி பாய் நாட்டை ஆண்டவர். இரண்டாவது மகனைப் பெற்ற பின் உடல் நலிந்து அவர் மறைந்தபோது, பட்டத்துக்குரிய சுவாதித் திருநாள் இரண்டு வயதும் நிறையாத குழந்தை. அந்தக் குழந்தையின் பெயரால் ஆளும் பொறுப்பு 1815-ல் பார்வதி பாயின் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. இன்றைக்கு அந்த வயதுப் பெண் எட்டாம் வகுப்பில் இருப்பாள்.

அரண்மனையில் துணை நின்றவர் அக்காளின் கணவர் ராஜராஜ வர்மா கோயில் தம்புரான். வெளியே அதிகாரம் செலுத்தியவர் கம்பெனியின் ரெசிடெண்ட் கர்னல் மன்றோ. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி அடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1805 உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் கம்பெனிக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பாக்கியிலேயே சமஸ்தானம் மூச்சுத் திணறிய காலம் அது.

அப்படிப்பட்ட நிலையில் 1817-ல் ராணியின் பெயரால் ஒரு நீட்டு பிறந்தது. அரச ஆணைக்கு அன்று அதுதான் பெயர். குடிமக்களின் கல்விக்கு ஆகும் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும். அறிவு பரவுவதில் நாடு பின்தங்கக் கூடாது. படித்த ஜனங்கள் நல்ல குடிகளாகவும் நல்ல உத்தியோகஸ்தர்களாகவும் ஆவார்கள். அதனால் நாட்டுக்கும் பெயர் கிடைக்கும். நீட்டின் சாரம் இவ்வளவுதான்.

இது மன்றோவின் மூளையில் உதித்தது, பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. மன்றோவின் கை இதில் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் மன்றோவின் சொந்தச் சீமையில் அன்று இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் பள்ளிக்கூடங்களுக்கென்று முதன்முதலாக 20,000 பவுன் ஒதுக்கியது 1833-ல்தான். இந்தியாவில் தன் ஆட்சியில் இருந்த அத்தனை ஜனங்களின் கல்விக்கும் சேர்த்துக் கம்பெனி 1813 சாசனத்தில் ஒதுக்கிய தொகை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். யோசனை யாருடையதானாலும், பணம் கொடுத்தது ராணியின் கஜானா.

நம் வாசகர்களுக்குப் பிடித்தமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. பள்ளிக்கு இரண்டு வாத்தியார்கள். மலையாளமும் ஜோதிஷமும் தெரிந்தவர் ஒருவர். தமிழும் கணக்கும் தெரிந்தவர் மற்றவர். ஆளுக்கு மாதம் 50 பணம் சம்பளம். அதுவரை ஆசானுக்கு நெல்லோ காசோ கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைதான் எழுத்துப் படித்தது. இனி வாத்தியாருக்குச் சம்பளம் சர்க்கார் கொடுக்கும். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று தாசில்தார் போய்ப் பார்த்து மேலிடத்துக்கு எழுத வேண்டும். கணக்குக்குத் தமிழ் வாத்தியார் என்று வைத்ததில் ஆச்சரியமில்லை. எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பிக்கும் திண்ணைப் பள்ளிக் கணக்கின் பெருமை அப்படி!

சிறிது கணக்குப் பார்ப்போம். ஏறக்குறைய 7 பணம் ஒரு கம்பெனி ரூபாய். அப்படியானால் ஒரு வாத்தியாருக்கு மாதம் 7 ரூபாய், பள்ளி ஒன்றுக்கு ஆண்டுச் சம்பளம் சுமார் 170 ரூபாய். கம்பெனிக்குக் கட்டிய 8 லட்சத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் சம்பளத்தைக் கொடுத்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை என்பது வேறு விஷயம். விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில்தான் பள்ளிகள் திறந்தன. அவையும் நெடுநாள் தழைக்கவில்லை. தாலுகாதோறும் சர்க்கார் பள்ளி என்பது கும்பகோணத்துக்காரரான திவான் மாதவராவ் காலத்தில், 1860-களில்தான் கைகூடியது.

நாகர்கோவிலில் அம்மையார் செய்த உதவி பலன் தந்தது. அங்கே பாதிரியார் மீட் பள்ளி தொடங்கியபோது பங்களாவும், வயல் வாங்க 5,000 ரூபாயும் கொடுத்தார். அந்த வயல் வருமானத்தில் பள்ளி நடந்தது. 1834-ல் சுவாதித் திருநாள் தலைநகரில் இங்கிலீஷ் பள்ளி திறக்க விரும்பியபோது ராபர்ட்ஸ் என்ற வாத்தியாரை அங்கிருந்துதான் வரவழைத்தார். இன்றைய யூனிவர்சிட்டி காலேஜ் அந்தப் பள்ளியின் வழித்தோன்றல்.

புகழ்வதோடு நிறுத்திவிட்டால் நியாயமாகாது. தாழ்ந்த சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பொன் நகை அணியவும், வரி கட்டாமல் ஓட்டு வீடு கட்டவும் அனுமதித்தவர் இந்த ராணி. அதே ராணியின் பெயரால்தான் 1829 பிப்ரவரி 3-ல் நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல் மேல்சீலை போடக் கூடாது என்ற பிரகடனமும் வந்தது. குப்பாயம் மட்டும் போட்டுக்கொள்ளலாமாம். அந்தத் தடை தளர 1859 வரை, முப்பது ஆண்டு பொறுக்க வேண்டியிருந்தது.

குடிமக்கள் என்று 1817 நீட்டு சொன்னதே, அதில் யார் யார் சேர்த்தி? புலையர் வீட்டுக் குழந்தை அதில் வரவில்லை. வாத்தியாருக்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்தாலும் படலைத் தாண்ட விடவில்லை. சாதி பாராமல் ஆரம்பக் கல்விச் செலவை அரசு ஏற்பது என்று 1904-ல் முடிவாயிற்று. அதன் பிறகும் வெங்ஙானூர் அய்யன்காளி போராட வேண்டியிருந்தது. 1914-ல் பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். அதற்காகப் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள்.

பார்வதி பாய் 1829-ல் பதினாறு வயது நிறைந்த சுவாதித் திருநாளிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. தாம் வளர்த்த சுவாதித் திருநாள் 1846-ல் இளம் வயதிலேயே இறந்ததையும், இளையவர் பட்டம் ஏறியதையும் பார்த்துவிட்டுத்தான் கண்மூடினார்.

அவர் நீட்டில் எழுதிய செலவு இன்று சட்டமாக இருக்கிறது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுவரை அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. வயதுச் சான்று இல்லை, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது. வேலைக்காக ஊர் மாறி வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.