மகராசன் வேதமாணிக்கம் உடுத்திய அங்கி

மயிலாடி என்றதும் பலருக்கும் கல் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். குமரி மாவட்டத்தில் சுசீந்திரத்துக்கு அருகில் இருக்கும் இந்த ஊரின் சி.எஸ்.ஐ. ஆலயம் இரண்டு பேரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருவர் ஜெர்மானியர், வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே. இன்னொருவர் இதே ஊரில் பிறந்த சாம்பவர், மகராசன் வேதமாணிக்கம். முதலாமவரைப் பற்றித் தனி நூல்களே இருக்கின்றன. இரண்டாமவர் அவற்றில் சில பக்கங்களுக்கு வந்து போவார், பெரும்பாலும் மிஷனரியை அழைத்து வந்தவர் என்ற அளவில். அழைத்து வந்தது உண்மைதான். ஆனால் அந்த மிஷனரி ஊரைவிட்டுப் போனபோது என்ன நடந்தது என்பதற்கு யாரும் அவ்வளவு இடம் கொடுப்பதில்லை.

எந்தப் போதகரிடம் பேசினாலும் தான் குருப்பட்டம் பெற்ற நாளை ஒரு முறையாவது சொல்லிவிடுவார். முழங்காலில் நின்றது, தலையில் கைகள் வந்து அமர்ந்தது, அங்கியின் கனம், கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த அம்மா. மகராசன் வேதமாணிக்கத்துக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது. 1816-ஆம் ஆண்டின் தொடக்கம் அது. அன்றைய திருவிதாங்கூரில் அவர் சாதிக்காரர் ஒருவருக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது எப்படி என்பதற்கு அவர் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அது ஒரு கோவில் யாத்திரையில் தொடங்குகிறது.

மகராசன் சிவபக்தர். சொந்தமாகப் பயிர் செய்து பிழைத்தவர். மயிலாடியிலிருந்து சுசீந்திரம் தாணுமாலயன் கோவில் நடக்கிற தூரம்தான். ஆனால் கோவில் இருக்கட்டும், கோவிலைச் சுற்றிய தெருக்களில்கூட அவர் மக்கள் நடக்க முடியாது. அந்தத் தெருக்களுக்காகச் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது 1926-ல். திருவிதாங்கூர் அரசு கோவில்களைத் திறந்துவிட்டது 1936-ல். மகராசன் வாழ்ந்தது அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பு. பக்கத்துக் கோவில் மூடியிருக்க, அவர் சிதம்பரம் போகப் புறப்பட்டார். 1799-ல் என்பது மயிலாடி மரபு. உடன் போனது அக்காள் மகன் சிவகுருநாதன்.

சிதம்பரத்துக்குப் போக ஏங்கிய ஒரு சேரிக்காரரின் கதையைத் தமிழ்நாடே அறியும். நந்தனார் நெருப்பில் இறங்கி எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது என்று அந்தக் கதை சொல்கிறது. மகராசனுக்கு நெருப்பும் இல்லை, தரிசனமும் இல்லை. அங்கே கண்டவை அவருக்குக் கசந்தன. மனம் சோர்ந்து படுத்திருந்த இரவில் வெண்ணுடை உடுத்த முதியவர் ஒருவர் கனவில் வந்து, திரும்பிப் போகும்படி பணித்தார் என்று மயிலாடியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அத்தனை தூரம் நடந்து போன மனிதர் வெறுங்கையோடு திரும்பினார் என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

திரும்பும் வழியில் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த உறவினர் வீட்டில் தங்கினார்கள். உறவினர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களோடு தஞ்சைக் கோவிலுக்குப் போனபோது அங்கே பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர் கோலாப் ஐயர். அவரை வளர்த்து ஆளாக்கிய ஷ்வார்ட்ஸ் 1798-ல்தான் இறந்திருந்தார். ஒரு கோவிலுக்குள் போய் உட்கார முடிந்ததே மகராசனுக்குப் புதிது. சில நாள் தங்கிக் கேட்டு, கற்று, ஞானஸ்நானம் பெற்றார். மகராசன் வேதமாணிக்கம் ஆனார், சிவகுருநாதன் மாசில்லாமணி ஆனார். கையில் புத்தகங்களோடு இருவரும் தெற்கே நடந்தார்கள்.

இதற்குப் பிறகு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் மயிலாடியில் எந்த வெள்ளைக்காரரும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லண்டன் மிஷனின் தென்திருவிதாங்கூர் ஊழியம் ரிங்கல்தௌபே கால் வைத்த 1806-லிருந்துதான் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் அவர் வந்தபோது அவருக்காகக் காத்திருந்த கூட்டத்தை உண்டாக்கியவர் வேதமாணிக்கம். முதலில் வீட்டார், பிறகு உறவினர், பிறகு அக்கம்பக்கத்தார் என்று அவர் படித்துக் காட்டியதைக் கேட்டவர்கள் ஊர்த்தெய்வ வழிபாட்டை விட்டார்கள். எதிர்ப்பு வந்தது. நிலத்தில் கை வைத்தார்கள். ஊழியமும் வரியும் ஏற்கெனவே கழுத்தை நெரித்த காலம். எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு தஞ்சைச் சீமைக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தார்கள். உதவி கேட்டு வேதமாணிக்கம் மறுபடியும் கோலாப் ஐயரை நாடினார். அவர் வழியாகத்தான், தரங்கம்பாடியில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ரிங்கல்தௌபேக்கு மயிலாடியின் அழைப்பு போனது.

ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக 1806 ஏப்ரலில் மயிலாடிக்கு வந்தார். கோவில் கட்டத் திவான் வேலுத்தம்பி அனுமதி தரவில்லை. ஆங்கிலேய ரெசிடென்ட் மெக்காலே பரிந்து பேசியும் காரியம் இழுத்துக்கொண்டே போனது. வேலுத்தம்பியின் கிளர்ச்சிக் காலத்தில் வேதமாணிக்கமும் அவர் கூட்டத்தாரும் மருந்துவாழ்மலையில் ஒளிந்து உயிர் தப்பினார்கள். கிளர்ச்சி அடங்கி 1809-ல்தான் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. கூடவே பள்ளிக்கூடமும் வந்தது. தெருவில் நடக்க உரிமை இல்லாதவர்களின் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். தாமரைக்குளம், புத்தளம், பிச்சைக்குடியிருப்பு, ஈத்தாமொழி என்று சபைகள் பரவின. இந்தச் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாடார்கள். அவர்களும் அன்று வரியாலும் தீண்டாமையாலும் நசுக்கப்பட்டவர்கள்தான். ஆனால் சாம்பவர்களுக்கு ஒரு படி மேலே வைக்கப்பட்டிருந்தார்கள். சாதி என்பது அப்படித்தான் வேலை செய்கிறது. இது பின்னால் முக்கியமாகும்.

ரிங்கல்தௌபே விசித்திரமான மனிதர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளம் கைக்கு வந்த வேகத்தில் ஏழைகளிடம் போய்விடும். சபையில் சேர வந்தவர்களில் பலர் வரியிலிருந்து தப்பத்தான் வருகிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். யாரையும் எளிதில் மெச்சுகிற குணம் அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவர் உடல்நலம் கெட்டு, 1816-ன் தொடக்கத்தில் மயிலாடியைவிட்டுப் புறப்பட வேண்டி வந்தது. அடுத்த மிஷனரி யார் என்று தெரியாது. பல நூறு பேர் கொண்ட சபைகளை யாரிடம் விடுவது?

சபையார் முன்னிலையில் வேதமாணிக்கத்தை நிறுத்தி, தான் ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளை அங்கியை அவருக்கு உடுத்தி, எல்லாச் சபைகளின் பொறுப்பையும் அவர் கையில் ஒப்படைத்தார் ரிங்கல்தௌபே. சிறிது காலம் கழித்து அவர் சென்னை போய்ச் சேர்ந்தபோது மேல்சட்டைகூட இல்லாமல், நாட்டுக் கோரைத் தொப்பியோடு நின்றதைப் பார்த்து அங்கிருந்த மிஷனரிகள் திகைத்துப் போனார்கள். அப்புறம் இலங்கை வழியாகக் கப்பலேறினார். அதோடு அவரைப் பற்றிய தகவல் நின்றுபோனது. உடம்பில் சட்டைகூட இல்லாமல் போகிறவர் தன்னிடமிருந்த அங்கியை ஒரு சாம்பவருக்கு உடுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

ஓர் அங்கிக்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். 80 ஆண்டுகள் பின்னோக்கித் தரங்கம்பாடிக்குப் போனால் விளங்கும். 1733-ல் அங்கே லுத்தரன் மிஷனரிகள் முதல் தமிழ்க் குருவானவரைத் தேர்ந்தெடுத்தார்கள். உபதேசியார்களில் தகுதியானவர்களாக இருவர் பேசப்பட்டார்கள். ஒருவர் கடலூர் ஆரோன், வேளாளர். இன்னொருவர் இராஜநாயக்கன், பறையர். தஞ்சை அரசரின் படையில் இருந்தவர், அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷத்தைத் தானாகப் படித்து மனம் மாறியவர், மிஷனரிகள் கால் வைக்க முடியாத தஞ்சை நாட்டில் சபைகளை வளர்த்தவர். பட்டம் ஆரோனுக்குக் கிடைத்தது. இராஜநாயக்கனுக்கு அறிவோ பக்தியோ போதாது என்று யாரும் சொல்லவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள், அந்தச் சடங்கின் மேலேயே அவர்களுக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்பதுதான் மிஷனரிகள் கொடுத்த காரணம். இராஜநாயக்கன் 1771-ல் உபதேசியாராகவே இறந்தார்.

உபதேசியாருக்கும் குருவானவருக்கும் உள்ள வேறுபாடு சம்பளத்தில் மட்டும் இல்லை. உபதேசியார் பிரசங்கிக்கலாம், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரலாம், வீடு வீடாகப் போய் ஜெபிக்கலாம். அப்பத்தைப் பிட்டு இன்னொருவர் கையில் வைக்க அவருக்கு உரிமை இல்லை. அந்த இடத்தில்தான் தொடுதல் வருகிறது. ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பது வருகிறது. குருப்பட்ட மறுப்பு என்று நாகரிகமாகச் சொல்வதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், டீக்கடையில் வைத்திருந்த தனிக் குவளைதான்.

அதனால்தான் 1816 எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தென்திருவிதாங்கூரின் அந்தச் சபைகளில் அப்போது வேறு குருவானவர் கிடையாது. தலைமை தாங்கியவர் சாம்பவர், கூட்டத்தில் பெரும்பாலோர் அவரைவிட மேலான சாதி என்று எண்ணப் பழக்கப்பட்டவர்கள். தரங்கம்பாடி மிஷனரிகளைத் தயங்க வைத்த அதே நிலைமை. ரிங்கல்தௌபே அவர்களிடம்தான் தமிழ் படித்தவர், அவர்கள் தயக்கத்தை அறியாதவராக இருந்திருக்க மாட்டார். ஆனாலும் அங்கியை எடுத்து உடுத்தினார்.

இது முறையான குருப்பட்டம்தானா என்று கேட்பவர்கள் உண்டு. ஆரோனின் தலையில் பல மிஷனரிகள் கை வைத்தார்கள், தேர்வு நடந்தது, எழுத்துமூலம் பதிவானது. மயிலாடியில் இருந்தது ஒரே மிஷனரி. மிஷன் வரலாறுகள் பெரும்பாலும் வேதமாணிக்கத்தை உபதேசியார் என்றே குறிப்பிடுகின்றன. சட்டம் பேசினால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆயர் கை வைத்தால்தான் பட்டம் செல்லும் என்ற விதி ரிங்கல்தௌபே வந்த சபை மரபிலும் இல்லை, அவரை அனுப்பிய லண்டன் மிஷனிலும் இல்லை. ஆரோனுக்கும் ஆயர் வந்து பட்டம் கொடுக்கவில்லை. ஆள் பற்றாக்குறையால் செய்த ஏற்பாடு என்று சிலர் சொல்வார்கள். பற்றாக்குறை வந்தால்தான் எங்கள் ஆட்களின் தகுதி கண்ணுக்குத் தெரியும் என்பது அன்றைக்கு மட்டும் இருந்த வழக்கம் இல்லை. அங்கியை உடுத்தியவர், உடுத்திக்கொண்டவர், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் அது என்னவென்று புரிந்திருந்தது. எனக்கு அது குருப்பட்டம்தான்.

அந்தப் பொறுப்பை அவர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தனியாகச் சுமந்தார். ரிங்கல்தௌபே இருந்தவரை ரெசிடென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினால் தலையாரிகள் கொஞ்சம் அடங்குவார்கள். வேதமாணிக்கத்துக்கு அந்த வசதி இல்லை. வரி தண்டுகிறவரும் நில உடைமையாளரும் அவரை எந்த இடத்தில் நிற்க வைத்தார்களோ அங்கே நின்றுதான் தன் மக்களுக்காகப் பேச முடியும். ஞாயிற்றுக்கிழமை அங்கி உடுத்தி முன்னே நின்றவர் திங்கட்கிழமை பொதுவழியைவிட்டு ஒதுங்கிப் போக வேண்டும். அப்படியும் சபைகள் கலையவில்லை, பள்ளிக்கூடமும் நின்றுபோகவில்லை.

1818 ஜனவரியில் சார்லஸ் மீட் வந்து சேர்ந்தார். மயிலாடிப் பள்ளியின் தொடர்ச்சி நாகர்கோவிலுக்கு மாறி செமினரியாகி, பிற்காலத்தில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. மிஷனின் தலைமையிடமும் நாகர்கோவிலுக்குப் போனது. ராணி பார்வதி பாய் பணமும் பங்களாவும் கொடுத்து உதவினார். மீட் சிறிது காலம் நாகர்கோவில் நீதிபதியாகவும் இருந்தார். மிஷனுக்கு அரண்மனை வரை செல்வாக்கு வந்துவிட்டது. வேதமாணிக்கம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, மறுபடி உபதேசியாராக மயிலாடியில் தன் வேலையைப் பார்த்தார். 1827-ல் அவர் இறந்தார். தோள்சீலைக்கான போராட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கிய ஆண்டு அது.