அம்ப்ராஸ் மாளிகைத் தலைவி

மன்னர்களின் வரலாற்றை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அரச குமாரனை மணந்தும் அரசகுலப் பெண்ணாக ஏற்கப்படாதவர்களின் வரலாறு நம் கண்ணில் அதிகம் படுவதில்லை. அத்தகைய ஒருவரே பிலிப்பினே வெல்சர்.

இவர் 1527ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். வெல்சர் குடும்பத்தார் பெருவணிகர்கள். 1505இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்ச்சுக்கீசியக் கப்பல்களுக்கு முதல் போட்டவர்களில் அவர்களும் உண்டு. செல்வத்துக்குக் குறைவில்லை, அரச குலப் பிறப்புதான் இல்லை.

ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் இளவரசரான இரண்டாம் பெர்டினாந்து அப்போது பொகீமியாவில் தந்தையின் பிரதிநிதியாக ஆண்டு வந்தார். 1557இல் அவரும் பிலிப்பினேயும் மறைவாக மணம் செய்துகொண்டனர். 1559இல் பேரரசரான தந்தைக்குச் செய்தி தெரிந்தது. அவர் மணத்தை முறிக்கவில்லை. ஆனால் அது வெளியே தெரியக்கூடாது என்றும், பிள்ளைகளுக்கு அரசுரிமை கிடையாது என்றும் நிபந்தனை விதித்தார். அதனால் அவர்கள் பெற்ற குழந்தைகள் வாசலில் கண்டெடுக்கப்பட்டவர்கள் என்றே ஊருக்குச் சொல்லப்பட்டது. பத்து மாதம் சுமந்து பெற்ற தாய்க்கு இதைவிடக் கொடுமை வேறு உண்டோ?

1564இல் பேரரசர் இறந்தார். தைரோல் நாடு பெர்டினாந்தின் ஆட்சிக்கு வந்தது. இன்ஸ்பிரக் நகரை அடுத்த குன்றின் மேலிருந்த பழைய அம்ப்ராஸ் கோட்டையை அவர் மனைவிக்கே உரிமையாக்கினார். கோட்டை மறுமலர்ச்சிக் காலப் பாணியில் மாளிகையாயிற்று. 1569 முதல் 1572க்குள் 43 மீட்டர் நீளமுள்ள மண்டபம் ஒன்று எழுந்தது. அதன் சுவர்களில் தைரோலை ஆண்ட 27 பேரின் முழு உருவங்கள் தீட்டப்பட்டன.

பெர்டினாந்து பொருள் திரட்டுவதில் பேரார்வம் கொண்டவர். புகழ்பெற்ற வீரர்களின் கவசங்கள், பவளச் சிற்பங்கள், தந்த வேலைப்பாடுகள், ஓவியங்கள் எனத் தேடிச் சேர்த்தார். அவற்றை வைக்கவே தனிக் கட்டடங்கள் எழுப்பினார். கலைப்பொருள்கள் பெரும்பாலும் எதனால் ஆனவை என்பதைக் கொண்டு பிரிக்கப்பட்டு, 18 உயர்ந்த அலமாரிகளில் வைக்கப்பட்டன. அறிவியல் மாணவர்களான நமக்கு இந்த வகைப்பாடு வியப்பூட்டுவது.

பிலிப்பினேயோ மக்களின் அன்பைத் திரட்டினார். நோயுற்றோருக்கு மருந்து கொடுத்தார். முறையிட வந்தோருக்காகக் கணவரிடம் பரிந்து பேசினார். 1576இல்தான் மணத்தை மறைக்கும் கட்டாயம் நீங்கியது. அதன் பின் நான்கே ஆண்டுகள் வாழ்ந்து, 1580இல் அம்ப்ராஸிலேயே கண்மூடினார். 1595இல் பெர்டினாந்து இறந்தபோது தைரோல் அவருடைய மகன்களுக்குக் கிடைக்கவில்லை. மாளிகையைப் பெற்ற இளைய மகன் கார்ல், 1606இல் அதைத் தொகுப்புகளோடு பேரரசர் இரண்டாம் ருடால்புக்கு விற்றுவிட்டார். பிற்காலத்தில் தொகுப்பில் பெரும்பகுதி வியன்னா சென்றது.

இன்று அம்ப்ராஸ் ஓர் அருங்காட்சியகம். அங்கே செல்வோர் கவசங்களோடும் அலமாரிகளோடும் பிலிப்பினேயின் குளியலறையையும் காண்கின்றனர். அவர் பெயரால் வழங்கும் சமையல் நூலும் மருத்துவக் குறிப்பு நூலும் கையெழுத்துப் படிகளாக அத்தொகுப்பில் உள்ளன.

தாவரவியல் பயிலும் எனக்கு, பொன்னையும் பவளத்தையும்விட அந்த மருத்துவ நூலே பெரிதாகத் தோன்றுகிறது. என் பாட்டிக்கும் எத்தனையோ பச்சிலைகள் தெரியும். எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்கு மாந்தம் என்றாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருக்கு எழுதத் தெரியாது. எழுதி வைக்க வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பாட்டியோடு அவையும் போய்விட்டன. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். அம்மாவுக்கு நினைவிருக்கும் ஏழெட்டு மருந்துகளை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

பிறப்பால் மறுக்கப்பட்ட பெருமையை பிலிப்பினேக்கு ஏடு தந்தது. தோழர்களே, உங்கள் வீட்டு மூத்தோர் அறிந்ததையும் எழுதி வையுங்கள்; காலம் காத்திராது.