உழவர் படைத் தலைவர் கோசியஸ்கோ

ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த சிகரம் யாதென வினவின், கோசியஸ்கோ என நம் மாணவர் உடனே விடையிறுப்பர். அதன் உயரம் 2,228 மீட்டர் என்றும் எழுதி மதிப்பெண் பெறுவர். ஆயின் அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. 1840இல் அச்சிகரத்தின்மீது ஏறிய ஸ்திரெலெக்கி என்னும் போலந்து நாட்டார், தம் நாட்டுக் கிராக்கோ நகரில் ஒரு வீரரின் நினைவாக மக்கள் மண் சுமந்து எழுப்பிய குன்றினை அது ஒத்திருக்கக் கண்டு, அவ்வீரரின் பெயரையே அதற்குச் சூட்டினார். அவ்வீரரே ததேயுஷ் கோசியஸ்கோ.

போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே நிகழ்ந்த போர்கள் பல நூற்றாண்டு நீண்டவை. 1610இல் போலந்துப் படை மாஸ்கோவினுள் புகுந்து இரண்டாண்டுகள் அங்கே தங்கியது. 1654 முதல் 1667 வரை நடந்த போரில் கீவ் நகரம் ரஷ்யர் வசமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலோ நிலைமை முற்றிலும் மாறி, வார்சாவில் அரசர் ஒருவர் வீற்றிருந்தபோதிலும், ரஷ்யத் தூதரின் சொல்லே அங்குச் செல்வாயிற்று. 1772இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தின் பெரும் பகுதியைத் தம்முள் பங்கிட்டுக் கொண்டன.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் அண்டை நாடுகளின் பேராசை மட்டுமன்று என்பது நம் கருத்து. நாட்டு மக்களில் சுமார் பத்தில் ஒரு பங்கினரான பிரபுக்களே அங்குக் குடிமக்களாகக் கருதப்பட்டனர். உழுது பயிரிட்ட பெருந்திரளான மக்கள் பண்ணையடிமைகள். நிலத்தைவிட்டு நீங்க அவர்களுக்கு உரிமையில்லை; வாரத்தில் பல நாள் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைத்தல் வேண்டும். பண்ணையாள் என்னும் சொல்லின் பொருளை நம் மூத்தோர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. தமக்கெனப் பிடி மண்ணும் இல்லாதவரை நோக்கித் தாய்நாடு காக்க வாரீர் என்றால் அவர் யாது செய்வர்?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தவர் கோசியஸ்கோ. 1746 பிப்ரவரி 4ஆம் நாள், இன்று பெலாரஸ் நாட்டில் அடங்கியுள்ள ஒரு சிற்றூரில், எளிய பிரபு குடும்பத்தில் நான்கு மக்களுள் இளையவராகப் பிறந்தார். வார்சாவில் படைக்கல்வி பெற்றுப் பாரிசுக்குச் சென்றார். அயல்நாட்டார் என்பதால் அங்குள்ள படைக்கல்லூரிகள் அவருக்கு இடமளிக்கவில்லை. ஓவியக் கல்லூரியில் சேர்ந்துகொண்டு, கோட்டை கட்டும் கலையைத் தாமே முயன்று கற்றார்.

1776இல் அமெரிக்கா சென்று, விடுதலைப் போரில் பொறியியல் அதிகாரியாகப் பணியேற்றார். 1777இல் சரட்டோகா வெற்றிக்கு அவர் அமைத்த அரண்கள் பெருந்துணை புரிந்தன. வெஸ்ட் பாயிண்ட் கோட்டையை வகுத்தவரும் அவரே. அங்கு அவருக்கு உதவியாளராகப் பல ஆண்டுகள் உடனிருந்தவர் அக்ரிப்பா ஹல் என்னும் கறுப்பினத்தவர். மனிதர் யாவரும் சமம் என முழங்கிய நாடு கறுப்பு மக்களைச் சந்தையில் விற்பதைக் கோசியஸ்கோ கண்ணாரக் கண்டார்.

1784இல் தாயகம் மீண்டவர், தம் சிறு பண்ணையான சியெக்னோவிச்சில் ஆடவர் செய்ய வேண்டிய ஊதியமில்லா உழைப்பை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தார். பெண்டிரை அதனின்று முற்றிலும் விடுவித்தார். பண்ணை வருவாய் குன்றிக் கடன் பெருகியது. அவர் தம் முடிவை மாற்றவில்லை. மேடையில் சமத்துவம் பேசுவோர் பலர். தம் வருவாயில் கைவைத்தோர் எத்தனைபேர்?

1791 மே 3ஆம் நாள் போலந்து புதிய அரசியலமைப்பை ஏற்றது. அதனைப் பொறாத பெரும் பிரபுக்கள் சிலர் ரஷ்யப் பேரரசி காதரீனை அழைத்தனர். 1792இல் சுமார் ஒரு லட்சம் ரஷ்யப் படையினர் உட்புகுந்தனர். துபியென்காவில் ஏறத்தாழ ஐயாயிரம் வீரரைக்கொண்டு, ஐந்து மடங்கு பெரிய படையைக் கோசியஸ்கோ தடுத்து நின்றார். ஆயின் அரசரே பகைவரோடு சேர்ந்துவிட்டமையால், அவர் பதவி துறந்து வெளியேறினார். 1793இல் இரண்டாம் பங்கீடு நிகழ்ந்தது.

1794 மார்ச் 24ஆம் நாள் கிராக்கோ நகரச் சந்தை வெளியில் உறுதிமொழி ஏற்றுக் கிளர்ச்சியைத் தொடங்கினார். துப்பாக்கிகள் போதவில்லை. எனவே உழவர்கள், புல்லறுக்கும் நீண்ட காம்புடைய அரிவாளின் அலகை நிமிர்த்தி, ஈட்டிபோலப் பிடித்து அணிவகுத்தனர். ஏப்ரல் 4இல் ராக்ளவித்சே போர்க்களத்தில், சுமார் இரண்டாயிரம் உழவர் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து அவற்றைக் கைப்பற்றினர். பார்ட்டோஷ் குளோவாத்ஸ்கி என்னும் பண்ணையடிமை, பற்றவிருந்த பீரங்கித் திரியைத் தம் தொப்பியால் அணைத்தார் என்பர். அவருக்கு விடுதலையும் நிலமும் அளிக்கப்பெற்றன. தளபதி கோசியஸ்கோ அவ்வுழவர் அணியும் முரட்டுக் கம்பளி அங்கியையே தாமும் அணிந்து கொண்டார்.

மே 7ஆம் நாள் போலானியெத்ஸ் முகாமிலிருந்து ஓர் ஆணை பிறந்தது. உழவர் ஒவ்வொருவரும் சட்டத்தின் காப்புக்கு உரியர். கடனும் வரியும் தீர்த்தபின் விரும்பிய இடம் செல்லலாம். உழும் நிலத்தினின்று அவரை வெளியேற்றலாகாது. வாரத்தில் ஐந்தாறு நாள் உழைத்தவர்க்கு இரண்டு நாள் குறையும். முழு விடுதலை இதுவன்று. இதனையும் பிரபுக்களுள் பலர் தம் ஊர்களில் நிறைவேற்றவில்லை. யூதர்களும் பெரெக் யோசெலெவிச் தலைமையில் தனிக் குதிரைப்படை அமைத்து இக்கிளர்ச்சியில் போரிட்டனர்.

பிரஷ்யாவும் ரஷ்யாவோடு சேர்ந்தது. ஜூன் மாதத்தில் குளோவாத்ஸ்கி போர்ப்புண்ணால் மாண்டார். அக்டோபர் 10ஆம் நாள் மசியெயோவித்சேயில் கோசியஸ்கோ படுகாயமுற்றுச் சிறைப்பட்டார். நவம்பர் 4இல் வார்சாவையடுத்த பிராகாவில் சுவோரவின் படை பொதுமக்களையும் கொன்று குவித்தது. 1795இல் போலந்து என்னும் நாடே நிலப்படத்தினின்று மறைந்தது. 1918 வரை அது மீளவில்லை.

1796இல் காதரீன் இறந்தபின் சார் மன்னர் பால் அவரை விடுவித்தார். அதற்கு விலையாக விசுவாசப் பிரமாணம் செய்ய நேர்ந்தது. சிறையிலிருந்த பல்லாயிரம் தோழரின் விடுதலையும் அதனோடு பிணைந்திருந்தமையால், இதனை நாம் குறையாகக் கொள்ளவில்லை. பின்னர் நெப்போலியன் அவர் பெயரைப் பயன்படுத்த விழைந்தபோது, உழவர் விடுதலைக்கு உறுதி கேட்டார் கோசியஸ்கோ. உறுதி கிடைக்கவில்லை, அவரும் உடன்படவில்லை. 1807இல் நெப்போலியன் அமைத்த வார்சா அரசு உழவர்க்குச் சட்டப்படி விடுதலை தந்து, நிலத்தைப் பிரபுக்களிடமே விட்டது.

1817 அக்டோபர் 15ஆம் நாள் ஸ்விட்சர்லாந்தின் சொலதுர்ன் நகரில் அவர் காலமானார். அவர் பெயரை அதன்பின் இருதரப்பாரும் எடுத்தாண்டனர். 1920இல் சோவியத் படையை எதிர்த்த அமெரிக்க விமானிகளின் அணி கோசியஸ்கோ பெயர் தாங்கியது. 1943இல் சோவியத் படையோடு சேர்ந்து ஜெர்மானியரை எதிர்த்த போலந்துப் படைப்பிரிவும் அப்பெயரையே தாங்கியது.

கல்விக்கெனக் கூடிய நம் கழகத்தார், அவர் விட்டுச்சென்ற ஆவணங்களைப்பற்றி அறிதல் தகும். 1798இல், அமெரிக்க அரசு தமக்களித்த ஊதியப் பாக்கியைக் கொண்டு கறுப்பின அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவிக்கவும், அவர்களுக்குக் கல்வியும் தொழிலும் கற்பிக்கவும் உயில் எழுதி, நண்பர் தாமஸ் ஜெஃபர்சனிடம் ஒப்படைத்தார். ஜெஃபர்சனோ தாமே நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை உடையவர். முதுமையைக் காரணங்காட்டி அப்பொறுப்பினின்று விலகினார். கோசியஸ்கோ பிற்காலத்தில் எழுதிய வேறு உயில்களும் குழப்பம் விளைவித்தன. வழக்கு நீண்டு, 1852இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பணம் முழுவதும் ஐரோப்பாவிலுள்ள உறவினர்க்கே உரியதெனத் தீர்ப்பளித்தது. அப்பணத்தால் ஓர் அடிமையும் விடுதலை பெறவில்லை. ஒரு பிள்ளையும் எழுத்தறியவில்லை. இறப்பதற்குச் சில திங்கள் முன்பு, சியெக்னோவிச் உழவர் அனைவரையும் விடுவித்து மற்றுமோர் ஆவணமும் எழுதினார். ரஷ்ய அரசு அதனை ஏற்க மறுத்தது. அப்பகுதி உழவர்க்குப் பண்ணையடிமை நிலை நீங்கியது 1861இல்தான்.