கண்ணியமிகு காயிதே மில்லத்

திருநெல்வேலி பேட்டையில் 5.6.1896 அன்று பிறந்தவர் முகம்மது இஸ்மாயில் சாகிப். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பட்டப்படிப்பைத் துறந்தார். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946 தேர்தலில் வென்று சென்னைச் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். மறு ஆண்டே நாடு பிரிந்தது. லீகைக் கலைத்துவிடும்படி பலர் வற்புறுத்தியும் இசையவில்லை. 10.3.1948 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடங்கித் தலைமையேற்றார். அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார். மஞ்சேரி மக்கள் 1962, 1967, 1971 என மும்முறை அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 5.4.1972 அன்று மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமானார்.

கோல சிலாங்கூரிலும் சுற்றுத் தோட்டப்புறங்களிலும் நாளை முதன்முறை வேட்பாளராக நிற்கப்போகும் நம் பிள்ளைகள் அறியவேண்டியது இதுதான்: வெற்றி பெற்ற நாளைவிட, துணை குறைந்த நாளில் விலகாமல் நின்றதே அவரைக் காயிதே மில்லத் ஆக்கியது. அல்லாஹ் அவருக்கு மேலான சுவனபதியை அருள்வானாக! ஆமீன்.