அண்ணலை மாற்றிய நூல்

நூல்கள் மனிதரை உருவாக்கும் என்பர். அண்ணல் காந்தியடிகளின் வாழ்வு அதற்குச் சான்றாகும்.

காந்தியடிகள் 1869 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் குஜராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். பாடநூல்களுக்கு அப்பால் அவர் மிகுதியாகப் படித்தவர் அல்லர். ஆயினும், இளமையில் சிரவணன் கதையைப் படித்தும் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டும் உள்ளம் உருகினார். பெற்றோரைப் பேணுதலும் வாய்மை தவறாமையும் அன்றே அவர் நெஞ்சில் வேரூன்றின.

இலண்டனில் சட்டம் பயின்ற அவர், 1893 இல் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்குக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தோருள் தமிழர் பலர். அவர்தம் குறைகளைத் தீர்க்க அண்ணல் பாடுபட்டார். 1903 இல் தோன்றிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் தமிழிலும் வெளிவரத் துணைநின்றார்.

1904 இல் அவர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இரயிலில் புறப்பட்டார். வழியில் படிக்குமாறு நண்பர் போலாக் ஒரு நூலைத் தந்தார். அது ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின் எழுதிய 'அன்ட்டு திஸ் லாஸ்ட்' என்பதாகும். எடுத்த நூலைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. எல்லாருடைய நலத்திலேயே தனி ஒருவரின் நலம் அடங்கியுள்ளது, வழக்கறிஞரின் தொழிலும் முடிதிருத்துவோரின் தொழிலும் மதிப்பில் ஒன்றே, உடலுழைப்பே உயர்ந்த வாழ்வு என்னும் உண்மைகளை அந்நூலில் கண்டார்.

படித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அவ்வாண்டிலேயே டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் என்னுமிடத்தில் 100 ஏக்கர் நிலம் வாங்கி, அச்சகத்தை அங்கு மாற்றினார். நிறவேறுபாடின்றி அனைவருக்கும் மாதம் 3 பவுன் என ஒரே ஊதியம் வகுத்தார். 1908 இல் அந்நூலின் கருத்துகளைக் குஜராத்தியில் தந்து, 'சர்வோதயம்' எனப் பெயரிட்டார்.

ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி சுமத்தப்பட்டிருந்தது. அதனை எதிர்த்து 1913 இல் அறப்போர் மூண்டபோது, பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து அன்னை கஸ்தூரிபாயும் பிறரும் சிறை புகுந்தனர். ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1914 இல் அவ்வரி நீக்கப்பட்டது.

1948 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் அண்ணல் மறைந்தார். அவர் கற்பித்த பாடம் மறையவில்லை.

மாணவச் செல்வங்களே! எத்தனை நூல்களைப் படித்தோம் என்பது பெரிதன்று. படித்ததில் எதனைக் கடைப்பிடித்தோம் என்பதே பெரிது. விடியற்காலையில் தோட்டத்திற்குச் செல்லும் நம் பெற்றோரின் உழைப்பு எவருடைய தொழிலுக்கும் தாழ்ந்ததன்று. இதனை உணர்ந்து படிப்போம், படித்தவாறு வாழ்வோம்.